மாமன் மூக்கில் இறங்கிய ஆணி

திண்டிவனம்,
வியாழக்கிழமை

என் மகள் கலைப்பிரியாவுக்கு ஒரே தாய்மாமனும், விழுப்புரத்தில் கோபமாக இருப்பவருமான மச்சான் சின்னதுரை அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், உங்கள் அக்கா வீரம்மாள், என் வேர்க்கடலைக் கடையிலுள்ள மல்லாட்டை மூட்டைகள் அனைவரும் நலம். அங்கே உங்கள் நலமும், குறிப்பாக உங்கள் கோபத்தின் நலமும் அறிய ஆவல். நீங்கள் போனை எடுக்காததால் தபாலில் வருகிறேன்.

பாப்பா டாக்டர் பட்டம் வாங்கிய சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டு எதிரே நான் வைத்த பேனரில், உங்கள் படம் சகலை ஆனந்தராஜ் படத்துக்குக் கீழே மூலையில் போனதும், சட்டத்தில் அடித்த ஆணி சரியாக உங்கள் மூக்கில் இறங்கியதும் சத்தியமாகத் திட்டமிட்டதல்ல. படம் கேட்டுப் போனபோது சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் "எனக்கின்னா, எங்க போட்டாலும் சரி" என்று தங்கமாகத்தான் சொன்னார்கள். எல்லோரையும் ஒரே பேனரில் சேர்த்த பிறகுதான் யாருக்கு யாரோடு ஆகாது என்பதே தெரிந்தது. பாப்பாவிடம் போனில் புலம்பினேன். "அப்பா, என் தீசிஸே இதாம்பா. சில பொருளுங்கள்ல எந்த இடத்தைத் தனியா பார்த்தாலும் ஒண்ணும் தெரியாது. முழுசையும் சேர்த்துப் பார்த்தாத்தான் எந்த நிலையில இருக்குதுன்னு தெரியும். அணுவுங்க கூடக்கூட கணக்கு எகிறிக்கினே போவும். குவாண்டம் கம்ப்யூட்டராலகூட சீக்கிரமா கண்டுபிடிக்க முடியாதுன்னு நிரூபிச்சிருக்கேன்" என்றாள். முடியாதுன்னு சொல்றதுக்கா இத்தினி வருஷம் படிச்சே, என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே என்றேன். "நீ சொன்னா அது சோம்பேறித்தனம்பா, நான் சொன்னா தேற்றம்" என்று போனை வைத்துவிட்டாள்.

அத்த வுடுங்க மச்சான். ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குச் சால்வை போடுறோம். மாமா வரலைன்னா சால்வையே வாணாம்னுது. ப்ளஸ் டூ உங்க வூட்ல தங்கிதானே படிச்சுது? மொபெட்ல டியூஷனுக்கு இட்டுக்கினு போய், கொட்ற மழையில வெளியவே நின்னுக்கினு இருந்தது நீங்கதானே? அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் மூலையில வெச்சேன் பாருங்க, எனக்கே மனசு கேக்கல. உங்க அக்கா மூணு வேளையும் எனக்குக் கேப்பைக் கூழுதான் ஊத்துறாங்க. உங்க படத்தை நடுவுல பெருசா போட்டுப் புது பேனர் அடிக்கச் சொல்லிட்டேன். நடுவுல ஆணிக்கு வேலையே இல்ல. ஜல்தியா கிளம்பி வாங்க.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் மூக்கிடம் மன்னிப்பு கேட்கிறேன்.

இப்படிக்கு,
சீனுவாசன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் புது பேனர் வந்து, மாட்டியும் ஆகிவிட்டது. நடுவில் நீங்கள் ஆளுயரத்துக்கு நிற்கிறீர்கள். ஆனந்தராஜ் உட்பட எல்லோரும் சண்டையில்லாமல் அடங்கிவிட்டார்கள். பாப்பா படத்துக்குத்தான் இடமில்லாமல் போய்விட்டது. பேஜாராகி அவளுக்கே போட்டோ அனுப்பினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறி, "அப்படியே இருக்கட்டும்பா, சால்வையும் மாமாவுக்கே போட்டுடு" என்கிறாள். பட்டம் வாங்கியது நீங்கள்தான் என்று திண்டிவனமே நம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால், "சீக்கிரமா கண்டுபிடிக்க முடியாது" என்று மட்டும் சொல்லுங்கள் மச்சான். மிச்சத்தைப் பாப்பா பார்த்துக்கொள்வாள்.