நாலு காசு மிச்சம்

கணக்கில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவளை மட்டும் கடைக்கு அனுப்பக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்தக் கெட்டிக்காரி நான்தான்.

அணா போய், ரூபாய்க்கு நூறு என்று நயா பைசா வந்த புதுசு. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே பரீட்சை வரை தேறியவள் என்பதால், முதலியார்பேட்டையில் என் புகுந்த வீட்டில் கொஞ்சம் மரியாதை இருந்தது. (சமையல் தெரியாது. மரியாதைக்கு வேறு வழியும் இல்லை.)

அன்றைக்கு என் நாத்தனார் கமலத்தின் கல்யாணத்தைப் பேசி முடிக்க வில்லியனூரிலிருந்து பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். காலை ஒன்பது மணிக்கு மாமியார் ஒரு ரூபாய் நோட்டைக் கையில் கொடுத்து, "பருப்பு, புளி, மொளகா, மல்லி, ஒவ்வொண்ணும் நாலணாவுக்கு வாங்கிக்கினு சுருக்க வந்துடு" என்றார்.

செட்டியார் கடைச் சுவரில் புதுக்காசுப் பட்டியல் ஒட்டியிருந்தது. ஓரணாவுக்கு ஆறு காசு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து. ஊரே அதை அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் பளிச்சென்று பட்டது: நாலாறு இருபத்துநாலுதானே?

"பருப்பு நாலணாவுக்கு வேணாம். ஓரணாவுக்கு நாலு தடவ குடுங்க" என்றேன்.

செட்டியார் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"ஒரே ஆளு ஒரே நேரத்துல வாங்கினா அது நாலணா யாவாரம்மா. தனித்தனியா வேணும்னா வரிசைல போய் நின்னு தனித்தனியா வா."

அதோடு விட்டிருப்பேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் போய் நின்றேன். ஒரு பொட்டலம் வாங்குவேன், வரிசையின் வாலுக்குப் போவேன், மறுபடி வருவேன். பதினாறு பொட்டலம், பதினாறு தடவை. வீட்டுக்கு முழுசாக நாலு காசு லாபம்.

ஐந்தாவது சுற்றில் பின்னாலிருந்த அம்மாள், "இன்னாம்மா, மறந்து மறந்து வர்றியா?" என்று கேட்டார். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சொல்லிக்கொடுத்தேன். (பிரெவே படித்தவளாயிற்றே.) கால் மணி நேரத்தில் கடையிலிருந்த அத்தனை பேரும் ஓரணா ஓரணாவாக வாங்க ஆரம்பித்தார்கள். வாங்கியவர்கள் எல்லோரும் வாலுக்கே வந்ததால் வரிசை குறையவே இல்லை. செய்தி கேட்டுப் பக்கத்துத் தெருக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். செட்டியார் பொட்டலம் கட்டக் காகிதம் தீர்ந்து, தன் சாமி காலண்டரில் போன மாதத்தைக் கிழித்தார்.

பன்னிரண்டரைக்கு என் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அவங்க வந்து ஒரு மணி நேரமாவுது. நீ இங்க இன்னா பண்ற?"

"பத்து ஆயிடுச்சுங்க. இன்னும் ஆறுதான்."

விஷயத்தை விளக்கினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மனசுக்குள் ஒரு தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "மூணு காச என்கிட்ட குடு. ரெண்டு பேரா நின்னா சீக்கிரம் முடியும்" என்றார். அப்புறம், "மூணில்ல, மூணு பொட்டலத்துக்குப் பதினெட்டு" என்று தானே திருத்திக்கொண்டார்.

நாங்கள் வீடு சேர்ந்தபோது பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கையே கழுவிவிட்டார்கள். மாமியார் அண்டை வீட்டில் பருப்பும் புளியும் கடன் வாங்கிச் சமாளித்திருந்தார். கமலம் அழுத கண்ணோடு கதவோரம் நின்றாள். பிள்ளையின் அப்பா, "மருமவ எங்க போயிருந்தாங்க?" என்று கேட்டார். நான் நாலு காசையும் மாமியார் கையில் வைத்து, தலையைக் குனிந்தபடி நடந்ததைச் சொன்னேன். சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன்.

அந்த மனிதர் வெற்றிலையை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எந்தக் கடைம்மா?"

கல்யாணம் நிச்சயமாயிற்று.

மறுநாள் காலை செட்டியார் கடையில் ஓரணாச் சாமான் ஏழு காசு. காரணம் யார் என்று தெருவுக்கே தெரியும். குழாயடியில் இரண்டு மாதம் என்னோடு ஒருத்தரும் பேசவில்லை.

கமலத்துக்கு இப்போது பேரன்கள் இருக்கிறார்கள். ஆனாலும் வெங்காயம் ஏறினாலும் தங்கம் ஏறினாலும் எனக்குத்தான் முதலில் போன் வரும்.

"அண்ணி, நேத்து நீங்க கடைக்குப் போனீங்களா?"