பிறவுணிக்குக் களவு பழக்கிய கதை

ஊர்காவற்றுறையில் இன்னாசித்தம்பியைப் போல முரண்டு பிடிக்கிற மனுசன் வேறு இல்லை. குடை கொண்டு போங்கோ என்றால் நனைந்துகொண்டு வருவார். நனையாதேங்கோ என்றால் முற்றத்தில் போய் நிற்பார். எண்பத்தாறாம் ஆண்டு கடலுக்குப் போகத் தடை வந்தது. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அந்த முரண்டுக்குச் செய்ய வேறு வேலை இல்லாமல் போயிற்று. காலையில் சாப்பிட்ட கையோடு துறையடிக்குப் போய், பூவரச மரத்துக்குக் கீழே சீட்டுக்கட்டை வைத்துக் கடதாசி விளையாடுகிற கூட்டத்தில் குந்திவிடுவார்.

துறையடி கடற்படையின் சுற்றிவளைப்புக்குப் பேர்போன இடம். அங்கே போகாதேங்கோ என்று மனைவி செபஸ்தியம்மா கெஞ்சினாள், அழுதாள், அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள். கெஞ்சிய நாட்களில் அவர் வழக்கத்தை விட வெள்ளெனப் போனார்.

"நான் பிறந்த கரையில நான் குந்தியிருக்க ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை" என்பார்.

ஒருநாள் அவள் கெஞ்சுவதை நிறுத்தினாள். கரம்பனில் இருக்கும் தங்கை கத்தரீனா வீட்டுக்குப் போய் ஒரு நாயோடு திரும்பி வந்தாள். பிறவுணி என்று பெயர். கத்தரீனா அதைக் கன்னியர்மடத்துப் பிள்ளையைப் போல வளர்த்திருந்தாள். இரு என்றால் இருக்கும். தன் கோப்பையில் போட்டால்தான் தின்னும். மீன் பொரித்தாலும் குசினி வாசலைத் தாண்டாது.

இன்னாசித்தம்பிக்கு நாய் என்றாலே ஆகாது. படலையடியிலேயே மறித்தார்.

"நாய் குலைக்கலாம். குடும்பத்தைக் குலைக்கப்படாது. ஒண்டில் அது, இல்லாட்டில் நான்."

செபஸ்தியம்மா சண்டைக்கு வரவில்லை. இது ஒழுக்கமான நாய் என்றாள். கோயில் பெருநாளுக்குப் பங்குச் சுவாமியார் சாப்பிட வருகிற வரைக்கும் இருக்கட்டும், அதற்குள் ஒரு ஒழுக்கக்கேடு செய்தாலும் நானே திருப்பிக் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். இன்னாசித்தம்பி மீசையைத் தடவினார். ஒழுக்கம் கெட்டுப்போவது எவ்வளவு லேசான காரியம் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த நாளே பள்ளிக்கூடம் தொடங்கியது. மனைவி சந்தைக்குப் போகும் மட்டும் பார்த்திருந்து, விறாந்தைக் கதிரையில் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்தார். ஏறு என்றார். நாய் கீழே இருந்தபடி அவரைப் பார்த்தது. தூக்கி ஏற்றிவிட்டார். மரியாதையாக இறங்கிவிட்டது. செய்து காட்டினால்தான் விளங்கும் என்று, கடைசியில் தானே நாலு காலில் தவழ்ந்து, கதிரையில் ஏறி, கருவாட்டை வாயால் கவ்வினார். அந்த நேரம் பார்த்துத்தான் கடதாசிக் கூட்டாளி பத்திநாதர் படலையைத் திறந்தார்.

விளையாட ஒரு ஆள் குறையுது, வாங்கோ அண்ணை என்று கூப்பிட வந்தவர் வந்த காரியத்தை மறந்து நின்றார். இன்னாசித்தம்பிக்கு வாயில் கருவாடு. அவசரமாக மென்று விழுங்கினார்.

"எனக்கு இஞ்சை வேலை கிடக்கு" என்றார் பிறகு.

வேலை கிடந்தது உண்மைதான். விரலைச் சொடுக்கினால் கதிரையில் பாய்ந்து மேசையில் இருக்கிற மீனைத் தூக்க வேண்டும். நாய் பிழை விட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சரியாகச் செய்தால் நெஞ்சு விம்மும். தன் பங்குப் பொரியலையும் அதற்கே போட்டார். கருவாடு ஏன் இப்படிக் குறைகிறது என்று செபஸ்தியம்மா ஒருநாளும் கேட்கவில்லை. துறையடிக்குப் போகேல்லையோ, போட்டு வாங்கோவன் என்று மட்டும் காலையில் சொல்லுவாள். போ என்று சொன்னால் அவர் போகிற ஆளா?

அப்படி அவர் போகாத ஒருநாள் துறையடியைச் சுற்றி வளைத்தார்கள். மரத்தடியில் இருந்தவர்களை வெய்யிலில் முழங்காலில் இருத்தி, பொழுதுபடத்தான் விட்டார்கள். முழங்கால் உரிந்த பத்திநாதர் வந்து சொல்லிவிட்டுப் போனார். செபஸ்தியம்மா குசினிக்குள் போனவள் கனநேரம் வெளியே வரவில்லை.

பெருநாள் வந்தது. சுவாமியாரும் வந்தார். சோறு போட்டாயிற்று. அவர் கை கழுவ எழும்பினார். இன்னாசித்தம்பி மேசைக்குக் கீழே விரலைச் சொடுக்கினார்.

ஒரே பாய்ச்சல். சுவாமியாரின் விளைமீன் பொரியல் தலையோடும் வாலோடும் போயிற்று.

"பாத்தீங்களோ சுவாமி, ஒரு சோறு சிந்தேல்லை" என்று இன்னாசித்தம்பி தன்னை மறந்து சொன்னார்.

சுவாமியார் பருப்போடு சாப்பிட்டுவிட்டுப் போனார். செபஸ்தியம்மா, சொன்ன சொல் சொன்னதுதான், நாளைக்கே நாயைக் கத்தரீனாவிடம் விட்டுவிடுகிறேன் என்றாள்.

இன்னாசித்தம்பி துள்ளி எழும்பினார்.

"ஆரைக் கேட்டுக் கொண்டுபோறீர்? அது நான் பழக்கின நாய். இந்த வளவை விட்டு ஒரு அடி வையாது."

களவு பழகின நாயை என்னால் பார்க்க ஏலாது, நீங்கள் துறையடிக்குப் போக அது அயலட்டைக் குசினியெல்லாம் பூந்து விளையாடும் என்றாள் அவள்.

"நான் ஏன் போறன்? ஆர் கூப்பிட்டாலும் போகன். வீட்டில இருந்து நானே பாக்கிறன். என்னை ஆர் அசைக்கிறது எண்டு பாப்பம்."

மேசையில் ஓங்கி ஒரு அடியும் அடித்தார். அடித்த கையை எடுக்குமுன்னரே மனதில் என்னவோ இடித்தது. செபஸ்தியம்மா பூசை கண்டு வந்த முகத்தோடு கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேரும், எனக்கு நாயைக் கண்ணிலயும் காட்டப்படாது எண்டு உமக்குத் தெரியுந்தானே. பிறகேன் நாயைக் கொண்டுவந்தனீர்?"

"அதாலதான்" என்றாள் அவள். "உங்களுக்கு நாய் பிடிச்சிருந்தால், நான் பூனையெல்லோ கொண்டுவந்திருப்பன்."