மிஸ்பா மேட்டில் வைத்த கிழங்கு

பாடாங் மேஹா ரப்பர் தோட்டம், 1944

சுங்கைப் பட்டாணி உபதேசியார் பரஞ்சோதி மாமா அவர்களுக்கு, மருமகன் மோரிஸ் தலைகுனிந்து எழுதுவது (உண்மையாகவே குனிந்துதான், மேசை இல்லை). இங்கு அப்பா, அம்மா, மரவள்ளி மூவரும் நலம். அரிசியின் நலம் தெரியவில்லை, பார்த்து வெகுநாளாயிற்று.

போன மாதம் அப்பாவும் பக்கத்துப் பாத்திக்காரர் பிச்சை அண்ணனும் மரவள்ளிப் பாத்தி எல்லைக்காக மண்வெட்டி தூக்கியபோது, நீங்கள் வந்து இருவரையும் கல் குவிக்க வைத்து, அதன்மேல் உட்கார்த்திக் கிழங்கு தின்ன வைத்து, மிஸ்பா என்று பேரிட்டீர்களே, அந்த மேட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எபிரேயத்தில் மிஸ்பா என்றால் காவல் மேடு என்றீர்கள். மாமனார் லாபானும் மருமகன் யாக்கோபும் ஒருவரையொருவர் துளியும் நம்பாமல், 'நாம் பிரிந்திருக்கும்போது கர்த்தர் நடுவே நின்று கண்காணிக்கட்டும்' என்று கல் குவித்த இடம் என்றீர்கள். ஆக, ஆண்டவருக்கே கங்காணி வேலை.

மறுநாள் அடுத்த வீட்டு மருதம்மாள் அத்தை வந்து, "என்னாடா தம்பி, புதுசா கல்லு?" என்று கேட்டார். அவருடைய மகன் மணியத்தை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு லாரியில் ஏற்றிப் போனது உங்களுக்குத் தெரியும். நான் வாய்க்கொழுப்பில், "மிஸ்பா சாமி அத்தே. கண்ணுக்கு எட்டாத ஆள நடுவுல நின்னு பாத்துக்கும். அவிச்ச கிழங்குன்னா அதுக்கு உசுரு" என்றேன். லாபானையும் சந்தேகத்தையும் அப்படியே விழுங்கிவிட்டேன். விழுங்குவது அதோடு நிற்கவில்லை. விடிந்தால் கல்லின்மேல் மஞ்சள், செம்பருத்தி, வாழையிலையில் சூடான கிழங்கு. சாமிக்கு வாயில்லாததால் தினமும் நான் இரவல் கொடுத்தேன். அப்போது வெட்கம் வரவில்லை மாமா, ஏப்பம்தான் வந்தது.

நேற்று அத்தை தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தார். அம்மா கஞ்சி ஊற்றி, "என்னா சாப்பிட்டீங்க?" என்று கேட்க, "எம் பங்கு மணியத்துக்குடி. சாமி தவறாம எடுத்துக்குது" என்று சிரித்தார். நான் பானைக்குப் பின்னால் ஒளிந்தேன். பானை சின்னது, என் முகம் முழுக்க வெளியே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அத்தையின் சாமி சாகும்; சொல்லாவிட்டால் அத்தையே செத்துப்போவார். ஆகவே தாங்கள் உடனே வந்து, நல்ல விதமாக எடுத்துச் சொல்லவும். வரும்போது பிரம்பும் கொண்டு வரவும்.

வீட்டில் அனைவருக்கும் என் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
முதுகைத் தயாராக வைத்திருக்கும்
மோரிஸ்

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குள் மனசு பொறுக்காமல் அத்தையிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். "தெரியும்டா. சாமிக்கு எங்கயாச்சும் ஏப்பம் வருமா? மொத நாளே பாத்துட்டேன். ஒன் வயித்துக்கு நான் போட்டா, சயாம்ல ஒருத்தி எம் புள்ளைக்குப் போடுவா. நீ வரலன்னா அங்க அவன் பட்டினிதான்லா!" என்றார்.

இப்போது இருவரும் மேட்டின்மேல் உட்கார்ந்து பாதிப் பாதி தின்பதாக ஒப்பந்தம். ஆனால் தன் பாதியை என் பக்கம் தள்ளுகிறாரா என்று நான் அவர் கையையே பார்க்கிறேன். நான் திருப்பி வைக்கிறேனா என்று அவர் என் கையைப் பார்க்கிறார். இருவருக்கும் துளியும் நம்பிக்கை இல்லை. நீங்கள் சொன்ன மிஸ்பா இதுதான், மாமா. பிரம்பு வேண்டாம், வந்தால் கிழங்கோடு வரவும்.