சோறு போட்டால்தான் போர்டிங்

இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஒரு ஊரையே ஆட்டி வைக்க முடியுமா என்று யாராவது கேட்டால், திருவண்ணாமலைப் பக்கம் கை காட்டுவேன். எழுபதுகளின் கடைசியில், தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடியில் நான் குடியிருந்தேன். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் ஒருவர் அதே லாட்ஜின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் மனைவியோடு இருந்தார். ஊரே அவரை 'போர்டு' என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயர் அவர் மனைவி கஸ்தூரி அக்காவுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவரும் 'ஏங்க'வோடு நிறுத்திக்கொள்வார்.

ஒல்லியான ஆள். காதில் எப்போதும் ஒரு பிரஷ் இருக்கும். அவர் வேட்டியில் பட்டிருக்கும் பெயிண்டைப் பார்த்தே ஊரில் எந்தக் கடை புதிதாகத் திறந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். எழுத்து என்றால் எழுத்து, அப்படி ஒரு எழுத்து! ஆனால் அவரிடம் வேலை வாங்குவதற்குள் கடைக்காரர்களுக்குத் தலையில் இருக்கிற முடி பாதி போய்விடும். காரணம், போர்டில் எழுதச் சொல்லும் விஷயம் உண்மைதானா என்று நேரில் பார்க்காமல் அவர் பிரஷைத் தொடமாட்டார்.

ஒரு ஸ்வீட் ஸ்டால்காரர் 'அசல் நெய்' என்று எழுதச் சொன்னார். நம்மவர் மைசூர்பாகில் கால் கிலோ வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கடை வாசலிலேயே ஸ்டூல் போட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாய்யா உக்காந்துட்ட? எழுதலையா?"

"இருங்க மொதலாளி. வயிறு இன்னா சொல்லுதுன்னு பாக்கறேன்."

வயிறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் எழுதினார்.

அதைவிடப் பாவம் ஒரு டெய்லர். 'குறித்த நேரத்தில் டெலிவரி' என்று போடச் சொன்னார். போர்டு தன் சட்டைத் துணியைக் கொடுத்து, 'எப்ப கெடைக்கும்?' என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றார் டெய்லர். எந்த வெள்ளிக்கிழமை என்று இவர் கேட்டிருக்க வேண்டும். மூன்று வெள்ளிக்கிழமை போனபிறகு இவர் பலகையைக் கொண்டுவந்து மாட்டினார். அதில் 'டெலிவரி' என்று மட்டும் இருந்தது. ஊரில் பாதிப்பேர் அதைப் பிரசவ ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் அப்போது ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. பி.ஏ. படித்தவன் என்பதால் லாட்ஜில் என்னைப் பெரிய இங்கிலீஷ் பண்டிதன் என்று நம்பினார்கள். நானும் வந்த மரியாதையைக் கெடுப்பானேன் என்று சும்மா இருந்தேன். அதனால்தான் ஒருநாள் போர்டு என் அறைக் கதவைத் தட்டினார். கையில் வேர்க்கடலைப் பொட்டலம். கடலை இல்லை, காகிதம் மட்டும். ஏதோ பழைய இங்கிலீஷ் அகராதியைக் கிழித்துப் பொட்டலம் கட்டியிருந்தார்கள்.

"சார், இதுல நம்ம பேரு போட்டிருக்குது பாருங்க. இந்த எழுத்த எத்தினி தடவ எழுதியிருப்பேன், இது எனக்குத் தெரியாதா? ஆனா ஒரு பேருக்கு இத்தினி நீளமா இன்னா எழுதி வெச்சிருக்கான்?"

நிஜம்தான். 'போர்டு' என்ற சொல்லுக்குக் கிட்டத்தட்ட ஒரு பத்தி முழுக்க அர்த்தம் இருந்தது. எண்ணெய் ஊறாத இடமாகப் பார்த்து நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். ஆதியில் அந்தச் சொல்லுக்குப் பலகை என்று மட்டும்தான் அர்த்தம். பழைய காலத்து வெள்ளைக்காரன் அந்தப் பலகையைக் கட்டைமேல் வைத்துச் சோறு தின்றான். அதனால் சோற்றுக்கும் அதே பெயர் வந்தது. அதே பலகையைச் சுற்றி உட்கார்ந்து நாலு பெரிய மனிதர்கள் பஞ்சாயத்துப் பேசினார்கள். அந்தக் கூட்டத்துக்கும் அதே பெயர். கப்பலின் பக்கவாட்டுப் பலகைக்கும் அதே பெயர் என்பதால், கப்பலில் ஏறுவதற்கும் அதே பெயர். இன்னொன்றும் இருந்தது. சீட்டாடுகிறவன் இரண்டு கையையும் பலகைக்கு மேலே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டால் அவன் திருட்டுத்தனம் செய்யமுடியாது. அதனால் யோக்கியமாக நடப்பதைப் 'பலகைக்கு மேலே' என்கிறார்கள்.

போர்டு எழுந்து நின்று, "அப்போ வெள்ளைக்காரன் சோறு, சபை, கப்பல், யோக்கியம் எல்லாமே நம்ம பலகைமேலதான் நிக்குதா சார்?" என்றார்.

அன்றோடு மனிதர் மாறிப்போனார். டீக்கடையில் உட்கார்ந்தால் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொள்வார். டீயை எப்படிக் குடிப்பார் என்று கேட்காதீர்கள், குனிந்துதான். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் 'ஃபுட்போர்டுல நிக்காத, உள்ள போ' என்று கத்திய கண்டக்டருக்குக் கப்பல் பலகையின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் கண்டக்டரே உள்ளே போய்விட்டார். பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்து போர்டு ஆபீஸுக்குப் போய், மெம்பர்கள் உட்காரும் மேஜையைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அது இரும்பு மேஜை.

"இரும்புல உக்காந்துகினு போர்டுன்னு சொல்லிக்கிறீங்களே, நியாயமா?" என்று கேட்டதற்கு, அங்கிருந்த பியூன் இவரை மெதுவாகக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டாராம்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, அந்தக் கார்த்திகை வரும் வரைக்கும்.

தீபத் திருவிழாவுக்கு லாட்ஜைச் சுண்ணாம்பு அடித்துப் புதுசாக்கினார் முதலாளி கோதண்டம். வாடகை வாங்காமல் போர்டைக் கொட்டகையில் வைத்திருந்தவர் அவர்தான். அதற்குப் பதிலாக அறைக் கதவில் நம்பர், சுவரில் 'எச்சில் துப்பாதீர்' எல்லாம் போர்டின் கைவண்ணம். வாசலுக்கு எட்டடியில் புதுப் பலகை செய்து, லாட்ஜ் பெயரும் அதற்குக் கீழே 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்றும் எழுதச் சொன்னார் கோதண்டம். போர்டு லாட்ஜ் பெயரை எழுதினார். 'லாட்ஜிங்' எழுதினார். இடதுபக்கம் வெறுமையாக விட்டுவிட்டுப் பிரஷைக் கழுவிவிட்டார்.

"யோவ் போர்டு, மீதி எங்கய்யா?"

"போர்டிங்னா சோறு மொதலாளி. இங்க சோறு போடறதில்லையே?"

"இன்னாய்யா சோறு? வாசல்ல போர்டு மாட்டறோம்ல, அதான் போர்டிங். ஊர்ல எல்லா லாட்ஜுலயும் போட்டிருக்கான்."

"எல்லாரும் பொய் எழுதறாங்க மொதலாளி. நான் எழுதமாட்டேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் காலத்தில் நம் ஊர்களில் லாட்ஜ் என்று ஒன்று இருந்தால், அங்கே சொட்டுத் தண்ணீர் கிடைக்காவிட்டாலும் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று போட்டே தீருவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்து லாட்ஜில் இருந்தது, இங்கேயும் இருக்கட்டும் என்ற கணக்குதான். ஆனால் கோதண்டத்துக்கு இது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. தன் கொட்டகையில் குடியிருப்பவன் தனக்கே இங்கிலீஷ் சொல்லித்தருவதா? கொடியேற்றத்தன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"இத பாரு. தேரு பொறப்படறதுக்குள்ள எழுதி மாட்டல, கொட்டகைய காலி பண்ணிடு. வர்ற கும்பலுக்கு அங்க பாய் விரிச்சு வுட்டா பத்து பேரு படுப்பான்."

தீப நேரத்தில் அந்த ஊரில் தலைசாய்க்க இடம் தேடுவதும் குளத்தில் ஊசி தேடுவதும் ஒன்றுதான். ஊருக்கு வெளியே வேங்கிக்கால் வரைக்கும் மனிதத் தலை. கொட்டகைக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணா, ஒரே ஒரு வார்த்தை. எழுதிட்டுப் போங்களேன். அக்காவ எங்க கூட்டிகினு போவீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை.

"சார், இங்கிலீஷ்ல எனக்குத் தெரிஞ்சதே ஒரு வார்த்தை. அதயும் பொய்யா எழுதச் சொல்றீங்களே."

கஸ்தூரி அக்கா மூலையில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாத்திரத்தையும் அவர் சாக்குக்குள் போட்ட சத்தம் வரவர ஜாஸ்தியாகிக்கொண்டே போனது.

தேருக்கு முதல்நாள் காலை, வாசலில் கைவண்டி வந்து நின்றது. சாக்கு மூட்டைகள் ஏறின. லாட்ஜில் ஒரு அறைக்கு எட்டுப்பேர் வீதம் வெளியூர்க்காரர்கள். மாடியிலிருந்து நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்லாவில் கோதண்டம் உட்கார்ந்திருந்தார். போர்டு அவர் மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "வர்றேன் மொதலாளி. இத்தினி நாள் வெச்சிருந்தீங்க," என்றார். கோதண்டம் சுவரைப் பார்த்தார். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டோமே என்ற வீம்புதான்.

அப்போதுதான் கஸ்தூரி அக்கா உள்ளே வந்தார். அத்தனை நாளில் அவர் லாட்ஜின் முன்பக்கம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

"மொதலாளி, அந்தப் பாழாப்போன வார்த்தைக்குச் சோறுன்னுதான அர்த்தம்?"

"அப்படித்தான் உம் புருஷன் சொல்றான்."

"சோறு போட்டா இவரு எழுதுவாரா, மாட்டாரா?"

போர்டு, "எழுதுவேன்," என்றார்.

"இத மொத நாளே எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக்கூடாதா ரெண்டு பேரும்? ஒரு வாரமா ஆம்பளைங்க ரெண்டு பேரும் மொறச்சிகினு கெடக்கறீங்க. யோவ் வண்டிக்காரரே, மூட்டைய எறக்குய்யா!"

வண்டியிலிருந்து முதலில் இறங்கியது அண்டாதான். அக்காவுக்குப் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர்; கல்யாணங்களுக்குச் சமைத்துப் பழகிய, எந்த அண்டாவைப் பார்த்தும் மிரளாத குடும்பம். பதினோரு மணிக்குள் கொட்டகை முன்னால் மூன்று அடுப்பு எரிந்தது. கத்திரிக்காய்க் காரக்குழம்பு, வேர்க்கடலைத் துவையல், மிளகு ரசம். கோதண்டம் முதலில், 'இதெல்லாம் சரிவராது' என்று முணுமுணுத்தார். குழம்பு கொதிக்க ஆரம்பித்ததும் வாசனை மாடிப்படி ஏறிப்போனது. அறை அறையாக வெளியூர்க்காரர்கள் இறங்கி வந்து, 'இங்க சாப்பாடு உண்டுங்களா?' என்று கல்லாவில் கேட்டார்கள். மூன்றாவது ஆள் கேட்டபோது கோதண்டம், "போர்டிங் அண்ட் லாட்ஜிங்ங்க, இல்லாம பின்ன?" என்று சொல்லிவிட்டார்.

முதல் பந்தியில் நான் இருந்தேன். என் பக்கத்தில் போர்டு உட்கார்ந்தார். வழக்கப்படி பரிசோதனை. நிதானமாகச் சாப்பிட்டார், மோர் வரைக்கும். இலையை மடித்துவிட்டு மனைவியைப் பார்த்து, "ஒரு வேள போட்டா போர்டிங் ஆயிடுமா? நாளைக்கும் உண்டா?" என்றார்.

கரண்டியோடு நின்றிருந்த அக்கா, "மொதல்ல போயி எழுதுங்க. நாளைக்குச் சோறு உங்களுக்கு உண்டா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம்," என்றார். பந்தியே சிரித்தது. கோதண்டம்தான் அதிகம் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "கொட்டகையிலயே மெஸ்ஸு நடத்திக்கம்மா. இனிமே காலி பண்ணு கீலி பண்ணுன்னு சொன்னா என் நாக்க இழுத்து வெச்சு அறு," என்றார்.

அன்று சாயங்காலம் பலகை மேலே ஏறியது. 'போர்டிங்' என்ற எழுத்து 'லாட்ஜிங்'கைவிட ஒரு விரல்கடை பெரிதாகவே இருந்தது. போர்டு எழுதுகிறவர்கள் வேலை முடிந்ததும் கீழ் மூலையில் சின்னதாகத் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வது வழக்கம். அங்கே பார்த்த கோதண்டம் கண்ணைச் சுருக்கினார்.

"யோவ், இன்னாய்யா இது? பொண்டாட்டி பேர போட்டிருக்க?"

"வேல செஞ்சவங்க பேருதான் மொதலாளி போடணும். நான் சும்மா எழுத்த போட்டேன். அத நெசமாக்குனது அவதான்."

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என் பக்கத்தில் வந்து நின்று, "சார், மூலைல இன்னா போட்டிருக்காரு?" என்று கேட்டார். 'கஸ்தூரி' என்று வாசித்துக் காட்டினேன். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"கோணையா இல்ல இருக்குது?" என்றார் கடைசியில்.

கோணல்தான். அந்த ஊரில் அவர் எழுதிய அத்தனை பலகைகளிலும் எழுத்து கோணிய இடம் அது ஒன்றுதான். அதற்கப்புறம் மாற்றலாகி வேலூர் போகும்வரை நான் அந்த மெஸ்ஸில்தான் சாப்பிட்டேன். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் பசிக்கிறது. அப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிடுகிறது.