இடைவேளைக்கு எழுந்துவிடும் கால்கள்

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி, புதன்கிழமை, காலை எட்டு மணி ஐந்து நிமிடம். பொடித் தூறல். குடையை விரித்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், விரிக்காவிட்டால் எனக்குத் தும்மல் வரும், அந்த அளவு மழை. கிள்ளான் போகும் ரயிலுக்காக நடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் இந்த நாட்டிலேயே அதிகமான தமிழ்ப் படங்களின் முதல் பாதியைப் பார்த்த மனிதர். தமிழ்ப் படத்தின் இரண்டாம் பாதி என்று கேட்டால் அவர் பார்த்தது பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக்கத்தான் அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டிருந்தேன். படம் பத்தே முக்காலுக்கு. இரண்டு மணி நாற்பது நிமிடம் கையில் இருந்தது. போதுமா என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது அவருடைய அடையாள அட்டையில் இருக்கிறது. எங்கள் தெருவில் யாரும் அதைப் படித்ததில்லை. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அவர் 'அரைப்படம்'. டாக்சி ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் முதல் காட்சிக்கு முதல் ஆளாகப் போய் உட்காருவார். திரையில் 'இடைவேளை' என்று எழுத்து விழுந்ததும் எழுந்து வெளியே வந்துவிடுவார். வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்குள்ள தியேட்டர்களில் பெரும்பாலும் இடைவேளை விடுவதில்லை. அந்த எழுத்து இரண்டு விநாடி நிற்கும், படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கு எரியாது, யாரும் அசையமாட்டார்கள். இவர் மட்டும் எழுந்து, பதினாறு முழங்கால்களைத் தாண்டி, வெளியேறுவார்.

காரணம் எனக்கு வெகுகாலம் தெரியாது. ஒருநாள் அவரே சொன்னார். இளம் வயதில் கிள்ளானில் கச்சாங் விற்றிருக்கிறார். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு எல்லாம் காகிதக் கூம்பில் பொட்டலம். அப்போது ஊரில் இரண்டு கொட்டகைகள். ஒன்றில் இடைவேளை விட்டு அரை மணி கழித்துத்தான் அடுத்ததில் விடுவார்கள். இவர் முதல் கொட்டகையில் சும்மா உட்கார்ந்து படம் பார்ப்பார். இடைவேளை எழுத்து விழுந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு விற்பார். விற்று முடித்து அடுத்த கொட்டகைக்கு சைக்கிளில் ஓடுவார். பதினொரு வருடம். "மணி அடிச்சா ஸ்கூல் பிள்ளை எழுந்து ஓடுதுல்ல சார், அந்த மாதிரி. நான் எழுந்துக்கறதில்ல. காலு எழுந்துக்குது" என்றார்.

பாதிப் படம் பார்த்தவர் பாதிக் கருத்துச் சொன்னால் பரவாயில்லை. இவர் முழுப் படத்துக்கும் சொல்வார். எங்கள் தெரு முனை டீக்கடையில் பத்து மேசைகள். அதில் வாசலோரம் இருக்கும் மூன்றாவது மேசை அவருடையது. பாதியிலேயே வந்துவிடுவதால், மற்றவர்கள் எல்லாம் இன்னும் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போதே இவர் டீக்கடையில் விமர்சனத்தை ஆரம்பித்துவிடுவார். முந்திக்கொண்டவர் சொல்வதைத்தானே ஊர் நம்பும்.

நட்சத்திரம், மதிப்பெண் எல்லாம் அவரிடம் கிடையாது. பொட்டலம்தான். "நாப்பது பொட்டலம் விக்கும்" என்றால் சுமார். "எம்பது பொட்டலம்" என்றால் கூட்டிக்கொண்டு ஓடலாம். "பூஜ்யம். அழுவாச்சிப் படம். சனங்க மூக்கச் சிந்துமா, கச்சாங் திங்குமா?" என்றால் அந்தப் படம் எங்கள் தெருவில் செத்தது. முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவன் நான். அளக்க நிலம் இல்லாததால் கண்ணில் படுவதை எண்ணிக்கொண்டிருப்பவன். எனக்கு அந்தப் பொட்டலக் கணக்கு பிடித்துத்தான் இருந்தது. இரண்டாம் பாதியை அவர் சொந்தமாகத் தயாரிப்பதுதான் பிடிக்கவில்லை.

ஒருமுறை ஒரு படத்துக்குக் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் சண்டை வைத்தார். கதாநாயகன் விளக்கை வில்லன் கண்ணில் திருப்பி அடிக்கிறான், வில்லன் கண் கூசிக் கடலில் விழுகிறான். பூக்கடை அக்கா அதைக் கேட்டுவிட்டு, மல்லிகையைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, சாயங்காலக் காட்சிக்குப் போனார். மறுநாள் காலை கொதித்துக்கொண்டிருந்தார்.

"லைட்ஹவுஸே வரல லா. கட் பண்ணிட்டானுங்க."

"அக்கா, நான் முழுப் படமும் பாத்தேன். படத்துல கடலே இல்ல" என்றேன்.

"உங்க தியேட்டர்லயும் கட் பண்ணிட்டானா? அண்ணன் பாத்த தியேட்டர்ல மட்டும்தான் முழுசா ஓட்டியிருக்கான்."

அந்தப் படத்தில் ஆறு பாட்டு, பதினான்கு சண்டை, கதாநாயகனின் கைக்கடிகாரம் மூன்று இடத்தில் இடது கையிலிருந்து வலது கைக்கு மாறியது. எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அரைப்படம் டீயை ஆற்றிக்கொண்டே பரிதாபமாகப் பார்த்தார்.

"சார், நீங்க எண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க. படம் பாக்கல."

மேசை முழுவதும் சிரித்தது. அதையும் எண்ணினேன், ஏழு பேர்.

ஒரே ஒரு தடவை, யாரோ கேலி செய்தார்கள் என்று, இடைவேளைக்கு வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போனார். ஒரே மாதிரி ஒன்பது கதவுகள். இருட்டில் ஒன்றைத் திறந்து, காலி இருக்கையில் உட்கார்ந்து, கடைசி வரை பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ரெண்டாம் பாதி புது முயற்சி. எல்லாரும் திடீர்னு சீனம் பேசறாங்க. ஹீரோயின் பேயா மாறிடுது. டைரக்டர் துணிச்சல்காரன். அறுபது பொட்டலம்." மூன்று நாள் கழித்துத்தான் அவருக்கே விஷயம் புரிந்தது. அதற்குப் பிறகு வெளியே வந்தால் வந்ததுதான்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவருடைய மகள் தேவி ஒரு படத்தில் நடித்துவிட்டாள்.

தேவி கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் வேலை செய்கிற பெண். ஊர்ப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து எடுத்த படம். சனி ஞாயிறுகளில் போய் நடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரி முன்மேசைப் பெண்ணாக ஏழு நிமிடம் வருகிறாள். அந்த ஏழு நிமிடமும் இரண்டாம் பாதியில்.

அப்பா வழக்கம்போல் முதல் பாதி பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போய், அவளுடைய மாமியார் உட்கார்ந்திருக்கும்போதே விமர்சனத்தை ஆரம்பித்தார். "கடைசில நீ அழுத பாரு, தியேட்டரே அழுதுச்சு. எனக்கே தாங்கல."

தேவி கேட்டிருக்கிறாள்: "எந்த சீன்ல அழுதேன்ப்பா?"

"அதான், கடைசில."

மாமியார் படத்தை முழுவதும் பார்த்தவர். அந்த அம்மா தரையைப் பார்த்தாராம். தேவி படத்தில் அழவே இல்லை. அவள் வந்தது சிரிப்புக் காட்சி. "ஊர்ப் படம் எல்லாத்தையும் பாதி பாரு, யாரு கேட்டா. என்னையும் பாதிதானா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அரைப்படம் என் வீட்டுக் கதவைத் தட்டினார். மூன்றாவது மாடி, ஐம்பத்து நான்கு படி. மின்தூக்கியை மறந்து ஏறி வந்திருக்கிறார். போனை நீட்டினார். இருபத்து மூன்று தடவை கூப்பிட்டிருந்தார்.

"சார், நீங்கதான் வெள்ளிக்கிழமையே படத்த முழுசா பாத்தீங்க. என் மக எத்தனாவது நிமிஷத்துல வரா?"

"தொண்ணூத்தி மூணுல வந்து நூறுல போறா. இடைவேளை ஐம்பத்தெட்டுல."

"நாளையோட படத்தத் தூக்கறான். இந்த வாரம் வியாழக்கிழமையே புதுப்படம் வருது. ஒரே ஒரு ஷோ, கிள்ளான்ல. காலையில."

"தொண்ணூறாவது நிமிஷம் உள்ள போயிடுங்க. பிரச்சினை தீர்ந்தது."

தலையை ஆட்டினார். "அதுவும் பாதிதானே சார். அவ கேப்பா."

அதனால்தான் மறுநாள் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு நான் தூறலில் நின்றது. காரில் போகலாம் என்றார். பார்க்கிங் கிடைக்காவிட்டால், டயர் பஞ்சரானால், நெடுஞ்சாலையில் வெள்ளம் வந்தால் என்று மூன்று காரணம் சொல்லி ரயிலுக்கு இழுத்தேன். கிள்ளான் பதினான்காவது நிலையம். ஒவ்வொரு நிலையத்திலும் அவர் "வந்துருச்சா?" என்று கேட்டார். தியேட்டர் திறப்பதற்கு நாற்பது நிமிடம் முன்பே போய்ச் சேர்ந்தோம். எதிர்க் கடையில் ஆளுக்கு இரண்டு டீ. அந்த இரண்டாவது டீ என்னுடைய தவறு.

ஏற்பாடுகளில் நான் குறை வைக்கவில்லை. கடைசி வரிசை, சுவரோர இருக்கையில் அவர். அடுத்ததில் நான். அவர் மடியில் என் பை, இரண்டு பேர் முழங்காலுக்கும் குறுக்கே என் குடை. விளம்பரம் பதினொன்று. அரங்கில் எங்களோடு சேர்த்து ஒன்பது பேர்.

ஐம்பத்தெட்டாவது நிமிடம் எழுத்து விழுந்தது. பை கீழே விழுந்தது. குடை வளைந்தது. அரைப்படம் நின்றுகொண்டிருந்தார்.

"உட்காருங்க."

"நான் உட்காந்துதான் சார் இருக்கேன். காலுதான்."

சட்டையைப் பிடித்து இழுத்தேன். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மறுபடி இழுத்தேன். நான்கு தடவை. முன் வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பி, "அங்கிள், சண்டை வெளிய போய்ப் போடுங்க" என்றாள். அந்த அவமானத்தில்தான் அவர் கடைசியாக உட்கார்ந்தார். குளிர்சாதனத்திலும் நெற்றி வியர்த்தது.

எழுபதாவது நிமிடம் என் காதில் கேட்டார்: "இப்ப என்ன சார் நடக்குது?"

"படம் நடக்குது."

"இன்னமுமா? இவ்வளவு நீளமாவா இருக்கும் ரெண்டாம் பாதி?"

எண்பதாவது நிமிடம் டீ தன் வேலையை ஆரம்பித்தது. எனக்கு வயது எழுபத்து நான்கு. எண்பத்தைந்தில் முழங்காலைச் சேர்த்து வைத்தேன். எண்பத்தெட்டில் இனி முடியாது என்று தெரிந்தது. கழிப்பறை நாற்பத்திரண்டு எட்டு தூரம், வரும்போதே எண்ணியிருந்தேன். போக ஒரு நிமிடம், வர ஒரு நிமிடம், நடுவில் என் வயதுக்கு ஒன்றரை. தொண்ணூற்றி இரண்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் நான் எழுந்தால் வழி திறந்துவிடும். குடைக் கைப்பிடியை அவர் கையில் திணித்தேன்.

"ரெண்டு கையாலயும் இதப் பிடிங்க. நான் வர்ற வரைக்கும் விடாதீங்க."

"சார், நீங்க வேற போறீங்களா?" கிணற்றுக்குள் இருந்து வந்த மாதிரி இருந்தது குரல்.

போனேன். நாற்பத்திரண்டு எட்டு சரியாக இருந்தது. திரும்பி வந்தபோதுதான், எட்டுகளை எண்ணிய நான் கதவின் எண்ணைப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. ஒரே மாதிரி கதவுகள். ஒன்றைத் திறந்து இருட்டில் தடவிக் கடைசி வரிசைக்குப் போனேன். திரையில் ஒரு மீன் பேசிக்கொண்டிருந்தது. சுற்றிலும் குழந்தைகள். சரி, இது கனவுக் காட்சி போலும் என்று ஒரு நிமிடம் நானும் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை பார்த்ததில் மீன் ஏதும் வரவில்லையே என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. அடுத்த கதவில் யாரோ மலாயில் அழுதுகொண்டிருந்தார்கள். நான்காவது கதவில்தான் எங்கள் படம். மணி பார்த்தேன். நூற்று இரண்டாவது நிமிடம்.

தேவி வந்து போய்விட்டாள். கடைசி வரிசைச் சுவரோரம், இரண்டு கையாலும் குடையைப் பிடித்தபடி, வைத்த இடத்தில் அரைப்படம் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தது அவருக்குத் தெரியவில்லை.

படம் முடிந்து, பெயர்ப் பட்டியல் ஓடி, மகளின் பெயர் வந்து, விளக்கு எரிந்தது. நான்தான் கேட்டேன்.

"அழுதாளா?"

"இல்ல சார். அழல. சிரிக்க வைக்கறா. நான் எண்ணினேன். நீங்க போனதுக்கப்புறம் எட்டு பேரு இருந்தோம். ஏழு பேரு சிரிச்சாங்க."

"சிரிக்காதது யாரு?"

குடையை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான்."

கிளினிக் பக்கத்தில்தான், அறுநூற்று முப்பது எட்டு தூரம். தேவி முகக்கவசத்தோடு முன்மேசையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும், "பல்லுக்கா? பதிவு பண்ணியிருக்கீங்களா?" என்றாள். குரலில் மரியாதை அதிகம். அதாவது கோபம் தீரவில்லை. காத்திருந்த ஐந்து பேரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள்.

அரைப்படம் மேசை முன் பள்ளிக்கூடத்துப் பையன்போல் நின்றார். எந்தப் படத்துக்கும் அரை மணிக்குக் குறையாமல் பேசுகிறவர். "நீ முதல்ல வரப்போ பேனா இடது காதுல இருக்கு. அந்த ஆள் பைலைக் கேக்கறப்போ வலது காதுல இருக்கு" என்றார். கொஞ்சம் நின்று, "முழுசா பாத்தேன்மா" என்றார்.

தேவி கவசத்தை இறக்கினாள். என்னைப் பார்த்தாள். வளைந்த குடையைப் பார்த்தாள். சாட்சி போதும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"எத்தன பொட்டலம்ப்பா?"

"ஒண்ணு கூட விக்காது."

அவள் முகம் மாறியது.

"எல்லாரும் உன்னையே பாத்துக்கிட்டு இருந்தா கச்சாங் யாரும்மா வாங்குவா?"

பல்வலிக்காரர்களில் ஒருவர் சிரிக்கப் பார்த்து வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். தேவி எழுந்து மேசையைச் சுற்றி அப்பாவிடம் வந்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த பல் படத்துக்குத் திரும்பி நின்று எண்ண ஆரம்பித்தேன். முப்பத்திரண்டு. இரண்டு தடவை எண்ணினேன்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் அரைப்படம் மூன்றாவது மேசைக்கு வந்துவிட்டார். புதுப்படத்தின் இரண்டாம் பாதியில் ஒரு யானை ரயிலை நிறுத்துகிறதாம். பூக்கடை அக்கா டிக்கெட் வாங்கிவிட்டார். படத்தில் யானை கிடையாது. அன்று சாயங்காலமே நானும் பார்த்துவிட்டேன், ஆனால் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமைச் செலவில் பாதியைக் கொடுக்க அன்று பர்ஸை எடுத்தார். மூடச் சொன்னேன். ரயில், டிக்கெட், நான்கு டீ, குடைக்குப் புதுக் கம்பி எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டு ரிங்கிட் நாற்பது சென். அது முழுசாக என்னுடையதாகவே இருக்கட்டும்.