கரைப்பான் சரியில்லை

நிலக்கரியிலிருந்து பெற்றோல் வடித்துவிட்டோம் என்று நம்பி, அதை ஊற்றிய ஆட்டோவில் ஏறி நாவுல தாண்டிப் போனவன் நான். பட்டதாரி. நாலு விஷயம் தெரிந்தவன் என்று மாத்தளையில் ஒரு பெயர் வேறு இருந்தது. அந்தப் பெயர் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. யாராவது எடுத்திருந்தால் திருப்பித் தர வேண்டாம்.

என்னை அதில் ஏற்றியவர் பக்கத்து வீட்டுக் கராம்பு அண்ணன். உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அதற்கு ஒரே காரணம் சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான். சீனி கரையாத டீ, சாயம் போன சட்டை, கோயில் கமிட்டி, பாராளுமன்றம், எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு: "கரைப்பான் சரியில்ல தம்பி."

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் கராம்பு இலையில் எண்ணெய் வடிப்பது அவர் தொழில். அந்த வாசம் அவர் சட்டையை விட்டுப் போய் பல வருஷம் ஆயிற்று; தோலுக்குள் இறங்கிவிட்டது. அவர் பஸ்ஸில் ஏறினால் நாலு பேர் நாக்கால் கடைவாய்ப் பல்லைத் தடவிப் பார்ப்பார்கள்.

அவர் மனைவி சாந்தி அக்கா லக்கலப் பக்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அங்கே மொழிபெயர்க்கத் தமிழ் எதுவும் வருவதில்லை. ஆனாலும் பதவி இருந்தது, அக்காவும் இருந்தார். வாரம் முழுக்க அங்கேயே தங்கல்; வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணன் ஆட்டோவில் போய் அக்காவைக் கூட்டி வருவார். வேறெங்காவது அலைந்துகொண்டிருந்தால், அக்கா எப்போது வந்தாலும் திறந்துகொள்ளட்டும் என்று வீட்டுச் சாவியை எங்கள் ஜன்னல் ஆணியில் தொங்கவிட்டுப் போவது வழக்கம்.

பிறகுதான் நாட்டில் பெற்றோல் தீர்ந்தது. பெற்றோல் ஷெட்டில் கியூவில் நின்றவர்கள் அங்கேயே தாடி வளர்த்தார்கள். டீசல் இல்லாமல், லக்கலையிலிருந்து வந்த ஒன்றிரண்டு பஸ்களும் நின்றன. அக்கா வராத வெள்ளிக்கிழமைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அண்ணன் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஷேவ் எடுத்துவிட்டு, போக இடமில்லாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அப்படி நின்ற ஒரு நாள் போனில் எதையோ படித்துவிட்டு ஓடி வந்தார்.

"தம்பி, நிலக்கரியும் பெற்றோலும் ஒரே சாதி. கரியில ஹைட்ரஜன் கொஞ்சம் கொறவு. அவ்வளவுதான்."

"ஹைட்ரஜன எங்கண்ணே வாங்குறது?"

"கரைப்பான் குடுக்கும். நல்ல கரைப்பான்ல கரியப் போட்டு அமுக்கி வேக வச்சா, தன்கிட்ட இருக்கிறத கரிக்குக் குடுத்து அதக் கரைச்சிரும். வெளிய வர்ற கரைப்பானுக்குத் திரும்ப ஹைட்ரஜன் ஏத்தி மறுபடி உள்ள விடணும். வெளிநாட்டுக்காரங்க இன்னும் அந்தக் கரைப்பானத்தான் திருத்திக்கிட்டு இருக்காங்க."

"நாம?"

"நாமளும் திருத்துவோம்."

தெரிந்த லொறிக்காரர் ஒருவர் ஒரு மூட்டை நிலக்கரி கொடுத்தார். அமுக்கி வேக வைக்க அக்காவின் பிரஷர் குக்கர் இருந்தது. முதல் கரைப்பான் மண்ணெண்ணெய். டீக்கடை நானா தலையில் கை வைத்தார்: "அந்த மண்ணெண்ணைய எனக்குத் தந்திருந்தா நான் சோறாவது ஆக்கியிருப்பேனே!"

அடுத்தது டர்பன்டைன். குக்கரின் விசில் கிளம்பிப் போனது. இன்றும் பலா மரத்தில்தான் எங்கோ இருக்கிறது. அதற்கடுத்தது தேங்காயெண்ணெய். வடை சுடுகிறோம் என்று நினைத்துத் தெருவில் இரண்டு பேர் தட்டோடு வந்தார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் அண்ணன் நிலக்கரியைத் தட்டிக்கொடுப்பார். "கரி மேல குத்தமில்ல. கரைப்பான் சரியில்ல."

பாதுகாப்பில் மட்டும் கறார். போனிலிருந்து தீப்பொறி வருமாம். கொட்டகைக்குள் போகுமுன் இரண்டு பேர் போனையும் வாங்கி வீட்டு அரிசி டின்னில் போட்டு மூடிவிடுவார். குக்கருக்கு அடியில் விறகு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருப்பதை நான் சுட்டிக்காட்டவில்லை. அறிவியலில் குறுக்கே பேசக் கூடாது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கையிலிருந்த கராம்பு எண்ணெயையே கரைப்பானாக ஊற்றினார். வேக வைத்ததில் வந்த கறுப்புக் குழம்பை, எண்ணெய் வடிக்கும் தன் பாத்திரத்தில் ஏற்றி வடித்தார். மஞ்சளாக ஒரு திரவம் சொட்டியது. கரண்டியில் எடுத்துப் பற்றவைத்தால் எரிந்தது! அண்ணன் அழுதேவிட்டார். "கரி கரைஞ்சிருச்சு தம்பி! அக்காவக் கூட்டிட்டு வந்துருவோம்!" நானும் குதித்தேன். உள்ளே எவ்வளவு கரி மிச்சம் என்று இரண்டு பேரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆபத்துக்கென்று ஆட்டோவில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்தார். அதோடு எங்கள் திரவத்தையும் கலந்தோம். சாவியை எங்கள் ஜன்னலில் மாட்டிவிட்டுப் புறப்பட்டோம். ஆட்டோ இருமிக்கொண்டே ஓடியது, ஆனால் ஓடியது.

நாலந்தாவில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். குனிந்து மோந்துவிட்டு, "யாருக்குப் பல்வலி?" என்று சிங்களத்தில் அக்கறையாகக் கேட்டார். அண்ணன் அவருக்கு ஹைட்ரஜன் பாடம் எடுத்தார். பாவமென்றோ, எந்தச் சட்டத்தில் பிடிப்பதென்று தெரியாமலோ, அவர் விட்டுவிட்டார்.

நாவுல தாண்டி லக்கல றோட்டில் வயலைத் தவிர வேறெதுவும் இல்லாத இடம் பார்த்து ஆட்டோ நின்றது. அண்ணன் டாங்கியைத் திறந்து மோந்தார். மிச்சத் திரவம் இருந்த போத்தலிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

"தம்பி, இது கராம்பெண்ணெ."

உள்ளே விட்டதும் அதுதான், வெளியே வந்ததும் அதுதான். நிலக்கரி நடுவில் ஒரு முழுக்குப் போட்டு, மேனி கெடாமல் அடியில் உட்கார்ந்திருக்கிறது. எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது, ஆபத்துக்கு வைத்திருந்த அந்தக் கொஞ்சம் பெற்றோல்.

அவர் வயல் வரம்பில் உட்கார்ந்தார். ஏதாவது பேசட்டுமே என்று, "கரைப்பான் சரியில்லையாண்ணே?" என்றேன்.

"கரைப்பான் நல்ல கரைப்பான்தான் தம்பி. அப்படியே திரும்பி வந்திருக்கே." போத்தலை மூடிக்கொண்டே மெல்லச் சொன்னார்: "இந்த வெள்ளியும் போச்சு."

அப்போதுதான் லக்கலப் பக்கமிருந்து ஒரு பஸ், ஆட்கள் பிதுங்க வந்தது. எங்களைத் தாண்டிப் போய் நின்றது. கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது சாந்தி அக்கா.

"காலையில இருந்து எத்தன கோல் எடுத்துட்டேன்! பஸ்ஸுக்கு டீசல் கெடச்சிருச்சு, நானே வந்துர்றேன்னு சொல்லத்தான். போன் எங்க?"

"அரிசி டின்ல."

அக்கா கிட்டே வந்தார். அண்ணன் கைக் கரியையும் சட்டைக் கறையையும் பார்த்தார். "என் குக்கரா?"

அண்ணன் ஆட்டோவின் பின்னால் ஒளியப் பார்த்தார்.

இதுதான் கடைசி பஸ், ஏறுவதானால் ஏறுங்கள் என்று கொண்டக்டர் கத்தினார். வீடு வரை போக வேண்டிய பஸ். அக்கா பையை ஆட்டோவுக்குள் வீசிவிட்டு, போகச் சொல்லிக் கை காட்டினார். கைக்குட்டையால் அண்ணன் கன்னத்துக் கரியைத் துடைத்தார்.

"ஷேவ் எடுத்திருக்கீங்க," என்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோவைத் தள்ளத் தொடங்கினார்.

நாவுல வரை மூன்று பேரும் தள்ளினோம். அங்கிருந்து ஒரு காய்கறி லொறி மாத்தளைக்குக் கட்டி இழுத்து வந்தது. வழி முழுவதும் அக்கா குக்கரைப் பற்றித்தான் பேசினார். அண்ணன் சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

பெற்றோல் வந்து, கியூ ஓய்ந்த பிறகும் அந்தப் பஸ் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அக்கா தனியாக வந்து இறங்கியபோது கேட்டேவிட்டேன்: "அன்னைக்கு ஏங்கக்கா இறங்குனீங்க? பேசாம அந்த பஸ்லயே வீட்டுக்கு வந்திருக்கலாமே?"

எங்கள் ஜன்னல் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே அக்கா சொன்னார்:

"வந்து என்ன செய்ய தம்பி? சாவி அவருகிட்டதான இருந்துச்சு."