சின்ன டர்போ, பெரிய டர்போ

கஜந்தினியிடமிருந்து வந்த முதல் வட்ஸ்அப் செய்தியைச் சஞ்சீவன் மூன்று தரம் படித்தான்.

"காருக்குச் சின்ன டர்போ நல்லதோ, பெரிய டர்போ நல்லதோ? நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

அவன் எதையுமே நினைத்ததில்லை. டர்போ என்பது காருக்கு உள்ளே இருப்பதா, மேலே பூட்டுவதா என்றுகூட அவனுக்குத் தெரியாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில், கப்பல் வரும் நாளையும் போகும் நாளையும் கணினியில் தட்டிக்கொண்டிருப்பவன் அவன். பாலையூற்று வீட்டில் கார் ஒன்று நின்றது உண்மைதான். காலமான தகப்பன் விட்டுப்போன பழைய வெள்ளைக் கார். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் வெளிக்கிடும். மற்ற நாட்களில் பூனைகளுக்குக் கட்டிலாகக் கிடக்கும்.

ஆனால் பதில் போட்டே ஆகவேண்டும். தரகர் அவனுக்குப் பேசிய சம்பந்தங்களில் ஒன்று சாதகத்தில் முறிந்தது. ஒன்று கனடாவுக்குப் போய்விட்டது. கடைசியாக வந்தவர்கள் "யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழும்பிப் போய், இன்னமும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். தலைமுடியோ யாருடைய யோசனைக்கும் காத்திராமல் உதிர்ந்துகொண்டிருந்தது.

கஜந்தினி அன்புவழிபுரத்துப் பிள்ளை. கணக்கு ரீச்சர். பெண் பார்க்கப் போன அன்று அவள் தட்டை நீட்டியபோது, சஞ்சீவன் பதற்றத்தில் தேத்தண்ணிக் கோப்பையை விட்டுவிட்டுச் சீனிப் போத்தலைத் தூக்கிவிட்டான். அவள் சத்தமில்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அவனுக்குச் சோறு இறங்குவது நின்றுபோனது. "பிள்ளையள் கொஞ்சநாள் கதைச்சுப் பாக்கட்டும், பிறகு நாள் வைப்பம்" என்று இரண்டு வீட்டுப் பெரியாக்களும் நம்பரைக் கொடுத்திருந்தார்கள்.

கதைக்கத் தொடங்கிய முதல் கதையே இது. சரியான கார்ப்பைத்தியம் போல, என்று நினைத்துக்கொண்டான்.

"பெரிசுதான் நல்லது," என்று தட்டினான். பெரியது எப்படிக் கூடாததாக இருக்கும்? அதோடு நிறுத்தியிருக்கலாம். கை கேட்கவில்லை. "நானும் ஒரு கார் செய்துகொண்டிருக்கிறன். ரேஸ் கார் மாதிரி."

அதை அழிக்க விரல் போவதற்குள் நீலக் கோடுகள் விழுந்துவிட்டன.

"உண்மையாவோ! பெரிசு எண்டால் லாக் வருமே. அதுக்கு என்ன செய்யப்போறியள்?"

சஞ்சீவன் பக்கத்து மேசை நஸ்ரியைச் சுரண்டினான். "நஸ்ரி, காருக்கு லாக் எண்டா என்ன?"

"கதவுக்குப் பூட்டுறது. ஏன், திறப்பைத் துலைச்சிட்டியா?"

சஞ்சீவனுக்கு உயிர் வந்தது. "நாலு கதவுக்கும் நல்ல லாக் போடுறன். பயப்பிடாதேங்கோ," என்று அனுப்பினான்.

அவன் இரண்டு கப்பல்களின் நாளைக் கணினியில் தட்டி முடித்தான். பிறகு, "ஓ. அப்பிடியும் செய்யலாம் என்ன" என்று வந்தது.

அன்று பின்னேரம் நஸ்ரி அவனைத் தன் ஒன்றுவிட்ட மச்சான் ஸெய்னுதீனின் கராஜுக்குக் கூட்டிப்போனான். லாக் என்றால் என்னவென்று அங்கேதான் சஞ்சீவனுக்குத் தெரியவந்தது. எஞ்சினுக்குள் காற்றை ஊதி வேகம் கூட்டுவது டர்போ; கால் மிதித்த பிறகும் அது வேகம் எடுக்காமல் தயங்கிக்கொண்டு நிற்கும் நேரம்தான் லாக். அவன் அப்படியே ஒரு பழைய டயரில் குந்திவிட்டான். கதவுக்குப் பூட்டுப் போடுவதாகச் சொன்னவனைப் பற்றி ஒரு கணக்கு ரீச்சர் என்ன நினைத்திருப்பாள்?

"தம்பி, இஞ்ச பாருங்க," என்றார் ஸெய்னுதீன். "சின்ன டர்போ சைக்கிள்காரன் மாதிரி. மிதிச்ச உடன எழும்பி ஓடுவான், ஏத்தத்தில மூச்சு வாங்குவான். பெரிசு யானை. எழும்ப நேரமெடுக்கும். எழும்பினா மறிக்க ஏலா."

"எனக்கு எது நல்லம், நானா?" என்றான் சஞ்சீவன், அண்ணன்முறை வைத்து.

"எங்க ஓடப்போறீங்க?"

"கோயிலுக்கு."

"அப்ப ஒண்டும் வேணாம்."

சஞ்சீவன் கஜந்தினியின் செய்திகளைக் காட்டி விசயத்தைச் சொன்னான். கேட்கக் கேட்க ஸெய்னுதீனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைக் கண்டு சஞ்சீவன் அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஊர் முழுக்க ஒயில் மாற்றவும் பிரேக் கட்டை மாற்றவும் மட்டுமே அவரிடம் வந்தது. டர்போ என்று கேட்டு வந்த முதல் ஆள் இவன்தான்.

"கலியாண விசயம். சும்மா விடக்கூடா," என்று சேர்ட்டுக் கையை மடித்தார்.

முதலில் சின்னதைப் போடுவதென்று முடிவாயிற்று. சின்னதைப் போடவும் எஞ்சினையே மாற்றவேண்டியிருந்தது. கார் திரும்பி வந்தபோது அதற்கு ஒரு விசில் முளைத்திருந்தது.

தாய் இரத்தினேஸ்வரி கோயிலுக்குப் போக ஏறி இருந்துவிட்டுக் காதைப் பொத்தினாள். "என்ன தம்பி இது, குசினியில கேத்தில் கொதிக்கிற மாதிரி?"

"டர்போ அம்மா."

"அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ஓடேலாதோ?"

சஞ்சீவன் அந்த விசிலைப் பதிவு செய்து கஜந்தினிக்கு அனுப்பினான். பதில் வந்தது: "சத்தம் வடிவா இருக்கு. ஆனா சின்னன் எண்டால் மேல் வேகத்தில மூச்சு அடைக்குமாமே?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். பெரிது என்றபோது லாக் என்றாள். சின்னது என்றதும் மூச்சு அடைக்கும் என்கிறாள். தான் ஒரு மூச்சடைத்த மனிதன் என்பதை நாசூக்காகச் சொல்கிறாள் என்றே அவனுக்குப் பட்டது.

"பெரிசாப் போடுவம்," என்றான் ஸெய்னுதீனிடம்.

"நான் அண்டைக்கே நினைச்சன்," என்றார் அவர், கண் கலங்காத குறையாக.

பெரிய டர்போ என்பது ஒரு தனி உருப்படி அல்ல, ஒரு குடும்பம் என்பது பிறகுதான் விளங்கியது. அது தன்னோடு சாதிசனத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது. காற்றைக் குளிராக்க முன்னுக்கு ஒரு பெட்டி வேண்டும் என்றது. பெட்டிக்கு இடமில்லையென்று பம்பர் அரைவாசி வெட்டப்பட்டது. பிறகும் இடம் காணாமல் ஏசி கழற்றப்பட்டது. ஹோர்ன் எங்கே போனதென்று ஸெய்னுதீனுக்கே தெரியவில்லை. அந்த வேகத்தைத் தாங்கவென்று போட்ட புதுக் கிளச்சை மிதிப்பது, கடலில் கிடக்கும் நங்கூரத்தை ஒற்றைக் காலால் தூக்குவதற்குச் சமம். சஞ்சீவன் கந்தோருக்கு நொண்டி நொண்டி வரத் தொடங்கினான்.

"வாதமா?" என்று நஸ்ரி கேட்டான்.

"காதல்," என்றான் சஞ்சீவன். அவன் முகத்தைப் பார்த்தவர்கள் வாதமென்றே நம்பினார்கள்.

படத்தை அனுப்பியபோது கஜந்தினி உடனேயே பதில் போட்டாள். "பெரிசோ! துணிஞ்சனீங்கள். அப்பாவும் பாக்க ஆசைப்படுறார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோணேசர் கோயிலுக்குப் போவமோ?"

ஞாயிறு காலை அன்புவழிபுரத்தில் அவள் தங்கச்சி லக்சாயினி படலை வரை வந்து வழியனுப்பினாள். பின்சீற்றில் ஒரு பக்கம் கழற்றிய சாமான்கள் கிடந்ததால் காரில் அவளுக்கு இடமில்லை. கஜந்தினியின் தகப்பன் கோணேஸ்வரன், ஓய்வுபெற்ற தபாலதிபர், வேட்டி சால்வையோடு முன்னுக்கு ஏறினார். பின்னால் இரத்தினேஸ்வரியும் கஜந்தினியும். கஜந்தினி ஏறும்போதே வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். வெட்டின பம்பரைப் பார்த்துவிட்டாள் போல, என்று சஞ்சீவன் நினைத்துக்கொண்டான்.

"தம்பி, ஏசியைப் போடுங்கோவன்," என்றார் கோணேஸ்வரன்.

"அது... பாரம் எண்டு கழட்டினது மாமா."

"ஓ." அவர் சால்வையால் விசிறிக்கொண்டார்.

கோயில் இருக்கும் கோட்டையின் வாசல் தாண்டி ஏற்றம் தொடங்கியது. சஞ்சீவன் அக்சிலரேட்டரை மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. முழுதாக மிதித்தான். யானை எழும்ப யோசித்தது. கார் முனகிக்கொண்டு ஊர்ந்தது. ஒரு ஓட்டோ முந்தியது. பிறகு, தேங்காயும் பூவும் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு நடந்த ஒருவர் முந்தினார். போகிற போக்கில் திரும்பி, "தள்ளிவிடவோ தம்பி?" என்று அன்பாகக் கேட்டார்.

"இதுதான் லாக்," என்றான் சஞ்சீவன் கண்ணாடியில் கஜந்தினியைப் பார்த்து. "இப்ப வந்திடும்."

வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. விசில் ஊளையாக மாறி, கார் முதுகில் உதை வாங்கியதுபோலப் பாய்ந்தது. கோணேஸ்வரனின் சால்வை யன்னலால் பறந்தது. இரத்தினேஸ்வரி ஊரிலுள்ள அம்மன்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வளைவில், நடுறோட்டில், ஒரு புள்ளிமான் நின்று வாழைப்பழத்தோல் தின்றுகொண்டிருந்தது. சஞ்சீவன் ஹோர்னை அடித்தான். அது இல்லை. பிரேக்கில் எழும்பி நின்றான்.

கார் மானின் மூக்குக்கு முன்னால் நின்றது. போனட்டிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. மான் இவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, தோலை மென்று முடித்து, ஆறுதலாகப் போனது.

பின்கதவு திறந்தது. கஜந்தினி இறங்கி ஓடி, மதிலைப் பிடித்துக்கொண்டு, ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள்.

கோணேஸ்வரன் சால்வையைத் தேடி எடுத்து, ஒரு ஓட்டோவை மறித்து, மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஓட்டோ திரும்பும்போது கஜந்தினி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ ஆறுதலா வா," என்றாள் இரத்தினேஸ்வரி. "நான் சாமியைக் கும்பிட்டிட்டு பஸ்ஸில போறன்."

அன்று முழுக்கச் செய்தி இல்லை. சஞ்சீவன் ஐந்தாறு தடவை எழுதி எழுதி அழித்தான். மன்னியுங்கோ என்று எழுதினால் எதற்கு மன்னிப்பு என்று விளக்கவேண்டும். அதற்கு லாக் என்ற சொல் வரும். அந்தச் சொல்லைக் கண்டாலே அவனுக்கு நெஞ்சு எரிந்தது. சின்னதோடு நின்றிருக்கலாம். அல்லது முதலிலேயே, பிள்ளை, எனக்குக் காரைப் பற்றி ஒரு இழவும் தெரியாது, உம்மட சிரிப்பைப் பற்றி மட்டும்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். இப்போது காரும் இல்லை, கலியாணமும் இல்லை. காலும் நொண்டி.

அடுத்தநாள் மத்தியானம் கந்தோர் வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. லக்சாயினி ஹெல்மெற்றைக் கழற்றினாள். முடிவைச் சொல்லத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று சஞ்சீவனுக்கு விளங்கிவிட்டது. அவள் வாய் திறக்க முதல் அவன் முந்திக்கொண்டான்.

"தங்கச்சி, அக்காட்டச் சொல்லுங்கோ. எல்லாம் என்ர பிழை. நடுச் சைஸில டர்போ ஒண்டு இருக்காம். லாக்கும் இல்லையாம், மூச்சும் அடைக்காதாம். ஸெய்னுதீன் நானா கொழும்புக்கு ஆள் அனுப்பிட்டார். ஒரேயொரு சந்தர்ப்பம் தரச்சொல்லுங்கோ, இந்த முறை அக்காவுக்குக் கட்டாயம் பிடிக்கும்."

லக்சாயினி அவனையும், அவன் நொண்டிக் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணா, அக்காவுக்குச் சின்ன வயசில இருந்தே காரில ஏறினாலே சத்தி, மாப்பிள்ளைக்குக் கார் எண்டா உயிர் எண்டு தரகர் சொன்னதாலதான், பாவம், தெரியாத டர்போவையெல்லாம் யூடியூப்பில பாத்துப் பாடமாக்கி உங்களிட்டக் கேட்டவ!"